தாழையடி ஊற்றில் நான்கு உறைகள்

எங்கள் பக்கத்தில் யார் வீட்டுக்காவது புதிதாகப் போனால், காப்பி வருவதற்குள் அவர்கள் வீட்டுப் போர்வெல் எத்தனை அடி என்ற பேச்சு வந்துவிடும். சாக்கோட்டைக்குப் பக்கத்துச் சின்ன ஊர் எங்களுடையது. மண் செம்மண், வெயில் கலப்படமில்லாத வெயில், தண்ணீர் எங்கேயோ பாதாளத்தில். "நானூறுல வந்துருச்சு" என்று சொல்கிறவர் அடக்கமானவர். "அறுநூறு போட்டும் புகைதான் வந்துச்சு" என்கிறவர் அவரைவிட ஒரு படி மேலே உட்கார்ந்து சொல்வார். என் அண்ணன் போர் போடும் வண்டி வைத்திருக்கிறான். ஆகவே எங்கள் வீட்டில் ஆழம் என்பது தொழில், சோறு, கௌரவம் எல்லாம். நான் செய்த காரியத்துக்கு இந்த வளர்ப்புதான் காரணம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளப் பல தடவை பார்த்திருக்கிறேன். ஒரு தடவையும் எடுபடவில்லை.

ஆசிரியர் வேலை கிடைத்து எனக்கு முதலில் போட்ட இடம் ஒரு தீவு. ராமநாதபுரத்துக் கரையிலிருந்து வள்ளத்தில் முக்கால் மணி நேரம். பெயரை எழுதப்போவதில்லை, எழுதினால் அடுத்த வாரமே யாராவது கேமராவும் கையுமாகப் போய் இறங்குவார்கள். உத்தரவைப் பார்த்த அம்மா, "தரையில பள்ளிக்கூடமே இல்லையாமா?" என்று கேட்டாள். பிறகு துணிமணியோடு இருபது லிட்டர் கேன் தண்ணீர் ஒன்றையும் கட்டிக் கொடுத்தாள். கடலைச் சுற்றி வைத்துக்கொண்டு குடிக்க என்ன செய்வார்கள் என்பது அவள் கவலை. அந்தக் கேனைக் கண்டு வள்ளத்தில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பு கரை சேரும்வரை ஓயவில்லை.

தீவு ஊறுகாய்க்கு நறுக்கிய மாங்காய்க் கீற்றுப் போல வளைந்து கிடந்தது. ஒரு முனையில் மாதா கோவில், மறு முனையில் கல்லறைத் தோட்டம், இரண்டுக்கும் நடுவில் அறுபது எழுபது வீடுகள், பனை, உடை மரம், இரண்டு பெட்டிக்கடை, என் பள்ளிக்கூடம். நான் மணி அடித்தால் இரண்டு முனைக்கும் கேட்கும். யாரும் தொலைந்துபோக முடியாத ஊர்தான், ஆனால் நான் முதல் நாளே தொலைந்தேன். காரணம், அங்கே வழியைக் காற்றை வைத்துச் சொல்வார்கள். வடக்கு என்றால் வாடை, மேற்கு என்றால் கச்சான். "கச்சான் பக்கமாப் போயி, வாடைப் பக்கமாத் திரும்புனீகன்னா வீடு" என்றார் ஒருவர். எனக்குத் தெரிந்ததெல்லாம் இங்குட்டு, அங்குட்டு. எங்கள் ஊரில் காற்று அடிக்கும், அவ்வளவுதான், வழியெல்லாம் சொல்லாது.

நான் குடியிருந்தது ஓர் அக்கா வீட்டில். ஐம்பதைத் தொடும் வயது, கறுத்த, உயரமான, சிரிப்பை லேசில் செலவழிக்காத அக்கா. அவர் கணவர் கடலுக்குப் போகிறவர். ஒரே மகள், கரையில் நர்சிங் படித்துவிட்டு வந்திருந்தாள். அக்கா முதல் வாரம் என்னோடு பேசியது பத்து வார்த்தை இருக்கும். இரண்டாவது வாரம் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தவர், தீவின் வரலாறு முழுவதையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

வரலாறு என்றால் யார் முதலில் வந்தார்கள் என்ற சண்டைதான். சங்கு குளிக்க வந்தவர்களின் தோணி உடைந்து இங்கேயே தங்கிவிட்டார்கள் என்று பாதி ஊர் சொல்லும். தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன புயலுக்குப் பிறகு வந்தவர்கள் மீதிப் பாதி. யாரிடமும் பட்டாவோ பத்திரமோ கிடையாது. ஒவ்வொரு வீடும் ஆதாரமாகக் காட்டுவது ஓர் ஊற்றை. ஊற்று என்றால் மணலில் தோண்டிய இடுப்பளவுக் குழி. கல்லறை ஊற்று, கிறுக்கி ஊற்று, ஒற்றைப்பனை ஊற்று என்று எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு. அக்காவுடையது தாழையடி ஊற்று. ஊற்று பெண்களுக்குச் சொந்தம், தாயிடமிருந்து மகளுக்குப் போகும். ஆண்களுக்குக் கடல் இருக்கிறதே, போதாதா என்று அக்கா கேட்டார்.

அவர் தண்ணீர் எடுப்பதை முதன்முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன. குழிக்குள் இறங்கிக் குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு சிரட்டையால் கோருவார். கொட்டாங்கச்சியைத்தான் அங்கே சிரட்டை என்பார்கள். நாலு சிரட்டை கோரினால் அடியில் மணல் தெரியும். அப்படியே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தண்ணீர் மெல்லச் சுரந்து வரும், மறுபடி நாலு சிரட்டை. இரண்டு குடம் நிறைய ஒரு மணி நேரம் ஆகும். அந்தத் தண்ணீர் இளநீருக்குத் தங்கச்சி மாதிரி இருக்கும் என்பது வேறு விஷயம். கடல் நூறு எட்டில் அலையடித்துக்கொண்டிருக்க, நடுவில் இப்படி ஓர் இனிப்பு!

"இன்னும் நாலடி தோண்டுனா நிறைய வருமேக்கா?" என்று கேட்டேன்.

"வரும். எது வரும்னுதான் கேள்வி" என்றார் அக்கா. அதற்குமேல் விளக்கவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

அந்த வருஷக் கோடையில் மகளுக்குக் கல்யாணம் முடிவானது. மாப்பிள்ளை அதே தீவு, கோவில் முனையில் வீடு. அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. கல்யாணத்தன்று காலையில் பெண் தன் தாய்வீட்டு ஊற்றில் ஒரு குடம் தண்ணீர் கோரி வைப்பாள். தாலி கட்டி முடிந்ததும் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போவாள். மாமியார் எல்லோருக்கும் முன்னால் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்து, அந்தத் தண்ணீரில் முதல் உலை வைப்பார். நகை, பாத்திரம் எல்லாம் அப்புறம். அக்கா தன் கல்யாணக் கதையைச் சொல்லும்போது புடவை நிறம்கூட மறந்துவிட்டிருந்தது. மாமியார் "தேனாட்டம் இருக்கு" என்று சொன்னதை மட்டும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அக்காவும் அவர் கணவரும் மகளும் பத்திரிகை வைக்கக் கரைக்குப் போனார்கள். திரும்ப நாலு நாள் ஆகும். அந்த நேரம் பார்த்து அண்ணன் வந்து இறங்கினான், ஒரு டின் முறுக்கு, ஒரு டின் மாவுருண்டையோடு. வந்தவன் ஒவ்வோர் ஊற்றாகப் போய் நின்று பார்த்தான். பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு குழிக்குள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அவனுக்குத் தாங்கவில்லை.

"என்னத்தா இது, கொட்டாங்கச்சிய வச்சுக்கிட்டு! நாலு உறை எறக்கி, ஒரு சின்ன மோட்டார வச்சா அரை மணி நேரத்துல ஊருக்கே தண்ணி!"

நான் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை என்பதோடு நிறுத்தினாலும் பரவாயில்லை. "கல்யாணத்துக்கு நம்ம செய்முறையா இருக்கட்டும்ணே, அக்கா வந்து பாத்தா அசந்துருவாக" என்று எடுத்துக்கொடுத்ததே நான்தான். விருந்துக்கு எத்தனை நாள் உட்கார்ந்து கோருவார்களோ என்ற கவலை எனக்கு நிஜமாகவே இருந்தது. மறுநாளே கிணற்றுக்குள் இறக்கும் சிமெண்ட் வளைய உறைகள் வள்ளத்தில் வந்து இறங்கின. ஒற்றைப்பனை ஊற்றுக்காரி பதறிப்போய் ஓடிவந்தாள்.

"வேணாம் டீச்சர். மேல மழைத்தண்ணி படுத்துக் கெடக்கு, அதுக்கு அடியில கடல் படுத்துக் கெடக்கு. ரெண்டும் சண்டை போடாம தூங்குதுக. எழுப்பி விட்றாதீக."

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகும். அந்த மாதம்தான் ஐந்தாம் வகுப்பில் உப்புத் தண்ணீரில் முட்டையை மிதக்கவிட்டுக் காட்டியிருந்தேன். உப்புத் தண்ணீர் கனமானது, நல்ல தண்ணீர் லேசானது, லேசானது மேலே மிதக்கும் என்று கரும்பலகையில் படம் போட்டு, பிள்ளைகளை மூன்று முறை சொல்லவும் வைத்திருந்தேன். அவள் அதே பாடத்தை வந்து எனக்கு ஒப்பித்தாள். நான் அதை மூடநம்பிக்கை என்று நினைத்து, "எங்க அண்ணனுக்கு இதுதான் தொழில், பயப்படாதீக" என்று முதுகில் தட்டி அனுப்பினேன்.

நான்கு உறைகள் இறங்கின. தண்ணீர் குபுகுபுவென்று ஏறியது. அண்ணன் ஒரு சொம்பு குடித்துவிட்டு, இன்னொரு சொம்பைத் தலையில் ஊற்றிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டான். மோட்டாரைப் போட்டு, கல்யாணத்துக்கு வாங்கி வைத்திருந்த டிரம்களை எல்லாம் நிரப்பினோம். அடுத்த நாள் காலை வள்ளத்தில் ஏறும்போது, ஏதோ அணை கட்டி முடித்தவன் மாதிரி கையை ஆட்டிக்கொண்டே போனான். நான் அன்று முழுக்க, அக்கம்பக்கத்தில் வேண்டியவர் வேண்டாதவர் எல்லோருக்கும், மோட்டாரை ஓடவிட்டுத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் போட்ட டீ கரித்தது. சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டோம் என்று நினைத்துக் கொட்டிவிட்டு மறுபடி போட்டேன். அதுவும் கரித்தது. சர்க்கரை டப்பாவை நக்கிப் பார்த்தேன், சர்க்கரைதான். ஓடிப்போய் ஊற்றுத் தண்ணீரை வாயில் வைத்தேன். உப்பு. டிரம்களில் பாதி உப்பு. பக்கத்தில் இரண்டு ஆள் நீளம் தள்ளிக் கையால் தோண்டிப் பார்த்தேன், அங்கேயும் உப்பு. கடலை எழுப்பிவிட்டிருந்தேன்.

அன்று மாலை அக்கா வந்தார். நான் எதையும் மறைக்கவில்லை, அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குழிக்குள் இறங்கப் பார்த்தார், உறை நடுவில் நின்றது. மேலேயே உட்கார்ந்து, சிரட்டையைக் கயிற்றில் கட்டி இறக்கி, ஒரு வாய் குடித்தார். துப்பவில்லை. அவர் கணவர் குடித்துவிட்டு, "இனிமே நான் கடலுக்குப் போக வேண்டியதில்ல, வீட்டுக்கே வந்துருச்சு" என்றார். யாரும் சிரிக்கவில்லை. மணப்பெண் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"கேட்டிருக்கலாம்ல டீச்சர்" என்றார் அக்கா. குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

விருந்துக்கான தண்ணீரை மற்ற வீட்டுப் பெண்கள் கொடுத்தார்கள். நானும் பள்ளி விட்டதும் ஒவ்வொருவர் குழியிலும் போய் உட்கார்ந்து கோரினேன். நாலு சிரட்டை கோரிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. என் போன்ற அவசரக்காரிக்கு அதைவிடத் தண்டனை வேறு வேண்டாம். ஆனால் விருந்துத் தண்ணீர் பெரிய பிரச்சினை இல்லை. அந்த ஒரு குடம்தான் பிரச்சினை. உப்புத் தண்ணீரைக் கொண்டுபோய் மாமியார் முன்னால் வைப்பதா? அது பெண் வீட்டுக்கு எத்தனை வருஷத்துப் பேச்சாகும்?

"என் ஊத்துல ஒரு குடம் கோரிக்க. யாருக்குத் தெரியப் போகுது?" என்றாள் ஒற்றைப்பனை ஊற்றுக்காரி.

"எனக்குத் தெரியும்ல? உப்போ சப்போ, எங்க ஊத்துத் தண்ணிதான் போகும்" என்றார் அக்கா.

நான் போய் மாப்பிள்ளை வீட்டில் உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். "நீங்க சும்மா இருங்க டீச்சர். சும்மா இருந்திருந்தாலே போதும்" என்றார். கல்யாணம்வரை அவர் என்மேல் காட்டிய கோபம் மொத்தமும் அந்த ஒரு வாக்கியம்தான்.

கல்யாணத்தன்று கோவிலிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்குப் பெண் குடத்தோடு நடந்தாள். பின்னால் ஊரே நடந்தது. சிறிய தீவு, எல்லோருக்கும் எல்லாம் தெரியும். மாமியார் வாசலில் நின்றார், கனத்த உடம்பு, கண்டிப்பான முகம். அவர் குடத்தில் கைவிட்டு ஒரு கை அள்ளிக் குடித்தார். தொண்டை ஏறி இறங்கியதை நான் பார்த்தேன். ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தார்.

"நல்லா இனிக்குது" என்று நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். "உலைய வைங்க."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். உள்ளே போகும்போது மாமியார் அடுப்படிப் பெண்ணிடம் தணிந்த குரலில் சொன்னது பின்னால் நின்ற எனக்குக் கேட்டது: "உலைக்கு உப்புப் போட்றாத."

அண்ணனுக்குப் போன் செய்தபோது, "மொத நாளு நல்லாத்தானத்தா இருந்துச்சு!" என்று கத்தினான். அந்தச் சனிக்கிழமை கடப்பாரையும் கயிறுமாகத் தனியாக வந்தான். நான்கு உறைகளையும் தானே வெளியே எடுத்தான். கூடை கூடையாக வெள்ளை மணல் சுமந்து குழியைத் தூர்த்தான். அக்கா அவனுக்கு இலை போட்டு நகரை மீன் குழம்பு ஊற்றினார். அவன் தலையை நிமிர்த்தவே இல்லை.

"சாப்புடுங்க தம்பி. மண்ணு மறந்துரும்" என்றார்.

"எத்தன நாளாகும்க்கா?"

"மழையத்தான் கேக்கணும்."

அடுத்த மழைக்குப் பிறகு அக்கா அதே இடத்தில் இடுப்பளவு தோண்டிக் குடித்துப் பார்த்தார். கரிப்பு. அதற்கடுத்த மழையிலும் கரிப்பு, கொஞ்சம் குறைவாக. மூன்றாவது வருஷம் எனக்குச் சாக்கோட்டை ஒன்றியத்துக்கே மாறுதல் வந்தது. மாறுதல் வாங்க நாயாய் அலைந்தவள் நான்தான். ஆனால் வள்ளம் ஏறும்போது, கெடுத்ததைச் சரியாக்காமல் ஓடுகிற மாதிரி இருந்தது. ஊருக்கு வந்த பிறகும் ஒவ்வொரு மார்கழியும் போன் செய்வேன். "இனிச்சுருச்சாக்கா?" என்பேன். "கொறஞ்சுருக்கு டீச்சர்" என்பார். இனித்துவிட்டது என்று ஒருதடவை சும்மாவாவது சொல்லக்கூடாதா என்று எனக்குக் கோபம்கூட வரும்.

போன தை மாதம் காரைக்குடியில் வீடு கட்டிக் குடிபோனோம். அக்காவுக்குப் பத்திரிகை அனுப்பியிருந்தேன். வருவார் என்று நினைக்கவில்லை. பால் காய்ச்சி முடித்து இட்லி பரிமாறிக்கொண்டிருந்தபோது வாசலில் நின்றார். வள்ளம், மூன்று பஸ், ஷேர் ஆட்டோ, எல்லாம் ஏறி இறங்கி வந்த களைப்பு முகத்தில். கையில் துண்டு சுற்றிய ஐந்து லிட்டர் கேன். எனக்குப் பார்த்ததும் அம்மா கட்டிக் கொடுத்த கேன்தான் ஞாபகம் வந்தது. அன்றைக்குத் தண்ணீர் தீவுக்குப் போனது, இன்றைக்குத் தீவிலிருந்து வந்திருக்கிறது.

அண்ணன் மோட்டார் அறைப் பக்கம் நழுவப் பார்த்தான். புது வீட்டுக்குப் போர் போட்டது அவன்தானே. காலையிலிருந்து வந்தவர் போனவர் எல்லோரிடமும் அடிக்கணக்குச் சொல்லி மாய்ந்துபோயிருந்தான்.

"எத்தன அடி தம்பி?" என்று கேட்டார் அக்கா.

"அது கெடக்குக்கா, நீங்க மொதல்ல சாப்புடுங்க" என்றான். என் வாழ்நாளில் அவன் அடி சொல்லாமல் விட்டது அந்த ஒருமுறைதான்.

அக்கா கேனைத் திறந்து ஒரு டம்ளரில் ஊற்றி என் கையில் கொடுத்தார். "தாழையடி ஊத்து" என்றார். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். குடித்தேன். முதலில் இனித்தது, அந்தப் பழைய இனிப்பு. பிறகு தொண்டைக்கடியில் ஒரு துளி உப்பு, இன்னும் போகாமல்.

"இனிக்குதுக்கா" என்றேன்.

அக்கா சிரித்துவிட்டார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. "பொய் சொல்லாதீக டீச்சர். இன்னும் ரெண்டு மழை வேணும்."

"அப்புறம் எதுக்குக்கா இம்புட்டுத் தூரம் தூக்கிக்கிட்டு வந்தீக? நல்லா இனிச்சதும் கொண்டாந்திருக்கலாம்ல?"

"எங்க ஊருப் பொண்ணு புது வீட்டுக்குப் போறா. தண்ணி இனிக்கிறவரைக்கும் அவளைக் காத்திருன்னா சொல்ல முடியும்?" என்று கேட்டுவிட்டு, அடுப்படி எங்கே இருக்கிறது என்று தானே தேடிக்கொண்டு உள்ளே போனார்.

நான் அங்கேயே நின்று அழுதேன். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு அவர் பின்னால் போய், அந்தத் தண்ணீரிலேயே மதியச் சோற்றுக்கு உலை வைத்தேன். உப்புப் போடவில்லை. அண்ணன் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான்.